ஸ்டீரியோ பாட்டை வீட்டில் மோனோவாகக் கேட்பது: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கான கேள்வி-பதில்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன் என்று கரையோரம் முழுக்க வீட்டில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), பழைய கேசட் டெக், டூ-இன்-ஒன் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஸ்டீரியோ என்றால் இடது, வலது ஸ்பீக்கருக்குத் தனித்தனி ஒலி; மோனோ என்றால் இரண்டையும் கூட்டிய ஒரே ஒலி. ஈயம் வைக்கத் தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். தெரியாதவர்கள் கூட்டு ஒயர் செய்யும் பகுதியை ரேடியோ ரிப்பேர் கடைக்காரரிடம் காட்டினால் அரைமணி நேர வேலை.

ஸ்டீரியோவில் பதிந்த பாட்டை எதற்காக மோனோவில் கேட்க வேண்டும்?

இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்பார் என்று நினைத்துச் செய்ததுதான் ஸ்டீரியோ. வீட்டில் அப்படி யார் உட்காருகிறார்கள்? ஒரு பாக்ஸ் டிவி ஸ்டாண்டில் இருக்கும், இன்னொன்று திண்ணை ஜன்னலில். முன்கட்டு, முற்றம், பின்கட்டு என்று நீளும் வீடாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே வானமே இருக்கும். அப்போது முன்கட்டில் இருப்பவருக்கு வயலின் மட்டும், பின்கட்டில் இருப்பவருக்கு தபேலா மட்டும். மோனோவுக்கு மாற்றினால் இருவருக்கும் முழுப் பாட்டும் கிடைக்கும்.

ஒரு காது மந்தமாக உள்ளவர் ஹெட்போனில் கேட்கும்போது கேளாத பக்கத்து வாத்தியங்கள் அவருக்கு இல்லவே இல்லை. அவர்களுக்கு மோனோ என்பது ருசி சம்பந்தப்பட்டதல்ல, தேவை.

ஆரம்ப கால ஸ்டீரியோ பதிவுகள் தனி ரகம். ஒரு வாத்தியத்தை முழுக்க இடதிலோ முழுக்க வலதிலோ ஒதுக்கிவிடும் பழக்கம் அப்போது இருந்தது. ஹெட்போனில் கேட்டால் பத்து நிமிடத்தில் தலை கனக்கும். மோனோவில் அதே பாட்டு இறுக்கமாக, ஒரே மேடையில் எல்லோரும் நிற்பதுபோல் வரும்.

மோனோவாக்கினால் பாட்டில் என்ன மாறும்?

இடதையும் வலதையும் கூட்டும்போது இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலி, பெரும்பாலும் பாடகர் குரலும் பேஸ் கிட்டாரும், 6 டெசிபல் ஏறும். இரண்டிலும் வெவ்வேறாக இருக்கும் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். ஆக, ஓரத்து வாத்தியங்களைவிடக் குரல் சுமார் 3 டெசிபல் முன்னால் வரும். வயதானவர்களுக்கு வார்த்தை தெளிவாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். இடதில் ஒரு விதமாகவும் வலதில் அதற்கு நேர் எதிராகவும் பதிந்த ஒலி கூட்டினால் அழிந்துவிடும். எதிரொலியும் 'அகலமாக' ஆக்கிய சிந்தசைசரும் மெலிவது இதனால்.

மெலிவது எல்லாமே நஷ்டம் என்று சொல்ல முடியாது. எதிரொலியை அள்ளிக் கொட்டிய பாட்டுகள் மோனோவில் கேட்க நன்றாகிவிடுவதும் உண்டு. சேர்ந்திசை, கச்சேரி அரங்கப் பதிவு, புதிய படங்களின் பின்னணி இசை ஆகியவற்றை மட்டும் ஸ்டீரியோவிலேயே விடுங்கள்.

செயற்கை ஸ்டீரியோவில் வந்த பழைய பாட்டை என்ன செய்வது?

1970களின் நடுப்பகுதிவரை தமிழ்த் திரைப்பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில்தான் பதிவாயின. அவற்றில் சிலவற்றைப் பிற்பாடு ஒரு பக்கம் பேஸ், மறு பக்கம் ட்ரெபிள் என்று பிரித்தோ, ஒரு பக்கத்தைச் சில மில்லிசெகண்ட் தாமதித்தோ ஸ்டீரியோபோல் ஆக்கி வெளியிட்டார்கள். பேஸ், ட்ரெபிள் பிரித்தது என்றால் கூட்டுங்கள், ஓரளவு பழைய உருவம் திரும்பும். தாமதித்தது என்றால் கூட்டாதீர்கள். டப்பாவுக்குள் பாடுவதுபோல் ஆகிவிடும். அதில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் கொடுப்பதே சரி. கம்ப்யூட்டரில் விஎல்சி ப்ளேயரின் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ மோட் என்பதற்குள் மோனோ, லெஃப்ட், ரைட் மூன்றும் இருக்கின்றன. மாற்றி மாற்றிக் கேட்டால் எது என்று உடனே தெரிந்துவிடும்.

போனிலேயே மோனோ செய்ய முடியாதா?

முடியும், செலவில்லாத வழி அதுதான். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் ஆடியோ சம்பந்தப்பட்ட பக்கத்தில் மோனோ ஆடியோ. ஐபோனில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ அண்ட் விஷுவல், மோனோ ஆடியோ. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ. போனிலிருந்து மட்டும் பாட்டுக் கேட்பவருக்கு இதற்குமேல் எதுவும் வேண்டாம். டெக், டிவிடி ப்ளேயர், டிவி ஆகியவற்றிலிருந்து ஆம்புக்குப் போகிறது என்றால்தான் ஒயர் வேலை.

கடையில் விற்கும், ஒரு முனை இரண்டாகப் பிரியும் ஒய் ஒயரால் இடதையும் வலதையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் போதாதா?

அதிகம் நடக்கும் தப்பு இதுதான். ஒய் ஒயர் ஒரு அவுட்புட்டை இரண்டு இன்புட்டுக்குப் பிரிக்கலாம். இரண்டு அவுட்புட்டை ஒரு இன்புட்டில் சேர்க்கக் கூடாது. காரணம் எளிது: அவுட்புட்டின் உள்தடை (கரன்ட்டைத் தடுக்கும் அளவு) மிகக் குறைவு, போனின் ஹெட்போன் அவுட்டில் சில ஓம்தான். இடது சேனல் ஏறும்போது வலது சேனல் இறங்கினால், இடது ஐசி (சிப்) தன் முழுக் கரன்ட்டையும் வலது ஐசிக்குள் தள்ளும். உடனே புகை வராது. பாட்டு இரைந்து உடையும், ஐசி சூடாகும், போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ள மோனோ பாட்டில் எந்தக் கோளாறும் தெரியாது. 'நான் ரொம்ப நாளாக இப்படித்தான் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று பலர் சொல்வது அதனால்தான்.

சரியான கூட்டு ஒயரை எப்படிச் செய்வது?

வேண்டியவை: 1 கிலோ ஓம், கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டு, ஷீல்டு (மேலே சுற்றிய கம்பி வலை) போட்ட ஆடியோ ஒயர் ஒரு மீட்டர், 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின் ஒன்று, டெக்கிலிருந்து என்றால் அதற்குப் பதில் ஆர்சிஏ பின் (டெக், டிவியின் சிவப்பு, வெள்ளை ஆடியோ பின்) இரண்டு. ஆம்ப் பக்கத்துக்கு ஆர்சிஏ பின் இரண்டு. ஹீட் ஷ்ரிங்க் டியூப் சிறிது. ராமநாதபுரத்திலோ மதுரையிலோ எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர்ஸ் கடையில் எல்லாமே கிடைக்கும். ரெசிஸ்டரின் நிறம் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு. நான்கு வளையம் உள்ள 5 சதவீத வகை என்றால் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, தங்கம். அதுவும் வேலை செய்யும்.

3.5 பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பாகம் எர்த். நுனியிலிருந்து ஒரு ரெசிஸ்டர், வளையத்திலிருந்து இன்னொரு ரெசிஸ்டர். இரண்டின் மறு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஈயம் வையுங்கள். அந்தச் சேர்ந்த புள்ளியிலிருந்து ஆம்பின் இரண்டு ஆர்சிஏ பின்களின் நடு ஊசிக்கும் ஒயர் போகட்டும். ஷீல்டு முழுவதும் பின்னின் அடிப்பாகத்திலிருந்து ஆர்சிஏ பின்களின் வெளி வளையத்துக்கு. ரெசிஸ்டர்களை ஆம்ப் பக்கத்துப் பின்னின் மூடிக்குள் வைப்பது நல்லது. போன் பக்கத்தில் வைத்தால் ஒயரை மடக்கி நீட்டும்போது ரெசிஸ்டர் காலோடு உடைந்து வரும்.

முடித்ததும் மல்டிமீட்டரில் பாருங்கள். நுனிக்கும் ஆர்சிஏ ஊசிக்கும் இடையே 1 கிலோ ஓம், வளையத்துக்கும் ஊசிக்கும் 1 கிலோ ஓம், நுனிக்கும் வளையத்துக்கும் 2 கிலோ ஓம், எர்த்துக்கும் எர்த்துக்கும் ஒரு ஓமுக்குக் கீழ். நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே 2 கிலோவுக்குப் பதில் பூஜ்யம் காட்டினால் பின்னுக்குள் ஈயம் வழிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது.

சத்தம் குறையுமா? ஆம்பின் இரண்டு இன்புட்டிலும் 10 கிலோ ஓம் வால்யூம் பாட் (வால்யூம் திருகும் ரெசிஸ்டர்) இருந்தால் ஒரு டெசிபல்கூடக் குறையாது. வால்வு செட், சில பழைய டெக்குகள்போல் அவுட்புட் உள்தடை கூடுதலாக உள்ளவற்றுக்கு 1 கிலோவுக்குப் பதில் 4.7 கிலோ அல்லது 10 கிலோ போடுங்கள். 10 கிலோ போட்டு அதே இரண்டு 10 கிலோ பாட்டுக்கும் கொடுத்தால் சுமார் ஆறு டெசிபல் போகும். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் தீர்ந்தது.

ஆம்புக்குப் பிறகு, ஸ்பீக்கர் ஒயரில் சேர்த்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. ஆம்புக்கு முன்னால் லைனில் சேர்ப்பதில் ஐசி சூடாகும், இங்கே ஐசி போயே போய்விடும். 4440 ஐசி வைத்த அசெம்பிள்டு ஆம்ப் போர்டாக இருந்தாலும் க்ளாஸ்-டி போர்டாக இருந்தாலும் இடது ப்ளஸ்ஸையும் வலது ப்ளஸ்ஸையும் முறுக்காதீர்கள். 4440 ஐசியை பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டு சேனலையும் இணைத்து, ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் மோனோ போர்டுகள் உண்டு. அதற்கு இன்புட்டிலேயே கூட்டிய சிக்னல் வர வேண்டும். பிரிட்ஜ் போர்டில் ஸ்பீக்கர் மைனஸ் எர்த் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். அதைப் பெட்டியின் தகரத்தில் தொட்டாலே ஐசி போகும்.

போனை ஆம்பில் சொருகியதும் பாடகர் குரல் மட்டும் காணாமல் போகிறது, மியூசிக் ஓடுகிறது. ஏன்?

கடற்கரையில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. பாட்டு ஃபைலில் ஒன்றும் கோளாறு இல்லை, எர்த் விட்டுப்போயிருக்கிறது. 3.5 பின்னின் அடிப்பாகத்தில் பச்சைக் களிம்பு ஏறியோ, ஷீல்டு இழை உள்ளே அறுந்தோ எர்த் துண்டானால், இடது அவுட்டிலிருந்து கிளம்பிய கரன்ட் ஆம்புக்குள் போய் வலது ஒயர் வழியாகத் திரும்புகிறது. அதாவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஓடுகிறது. குரல் இரண்டிலும் ஒன்றே என்பதால் வித்தியாசம் பூஜ்யம், குரல் இல்லை. ஓரத்து வாத்தியங்களும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். போனை ஆம்போடு இணைக்கும் சாதாரண ஸ்டீரியோ ஆக்ஸ் ஒயரில் இது நடக்கும். நம் கூட்டு ஒயரில் எர்த் விட்டால் திரும்பி வரும் வழியே கிடையாது. அதில் குரல் மட்டும் போகாது, எல்லாமே மெலிந்து ஹம் (ம்ம் என்ற உறுமல்) ஏறும்.

பின்னைச் சொருகிவிட்டு மெதுவாகத் திருகிப் பாருங்கள். குரல் வந்து வந்து போனால் பின் அல்லது சாக்கெட். ஒயரை வளைக்கும்போது வந்தால் ஒயர். போன் உறை தடிமனாக இருந்து பின் முழுதும் உள்ளே போகாமல் நின்றாலும் இதே கோளாறுதான். பணம் செலவழிக்கும் முன் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

இன்னொரு காரணம் ஸ்பீக்கர் இணைப்பு. ஒரே ஸ்பீக்கரை இடது ப்ளஸ்ஸுக்கும் வலது ப்ளஸ்ஸுக்கும் நடுவே போட்டால் அதுவும் வித்தியாசத்தைத்தான் வாசிக்கும். 'கரோக்கி ட்ரிக்' என்று சிலர் வேண்டுமென்றே செய்வது இதைத்தான்.

மைக் செட் மிக்ஸரில் போனைச் சொருகினால் இதே மாதிரி ஆகிறதே?

மிக்ஸரின் மைக் அல்லது லைன் இன்புட் பேலன்ஸ்டு வகை. அதில் நுனியையும் வளையத்தையும் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். போனின் ஸ்டீரியோ பின்னை 6.3 பெரிய ஸ்டீரியோ பின்னாக மாற்றும் அடாப்டரோடு சொருகினால் இடது கழித்தல் வலது, குரல் போச்சு. கோயில் கொடையிலும் கந்தூரியிலும் இப்படி மாட்டிக்கொண்டால் அவசரத்துக்குப் போனில் மோனோ ஆடியோவைப் போடாதீர்கள். இரண்டும் ஒன்றாகிவிடும், வித்தியாசம் பூஜ்யமாகிப் பாட்டே நின்றுவிடும். மேலே சொன்ன கூட்டு ஒயரைச் செய்து, மிக்ஸர் பக்கத்தில் 6.3 மோனோ பின் போடுங்கள். குழாய் ஸ்பீக்கர்கள் ஊர் முழுக்கக் கட்டியிருக்கும்போது இடது, வலது என்பதற்கே அர்த்தம் இல்லை. மோனோதான் ஒரே வழி.

மோனோவுக்கு ஒரு ஸ்பீக்கர் போதுமா, இரண்டும் வேண்டுமா?

நன்றாகக் கேட்க வேண்டுமானால் ஒன்றே மேல். இரண்டு ஸ்பீக்கரில் ஒரே சத்தம் வரும்போது ஒவ்வொரு காதுக்கும் அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலி முதலிலும், எதிர்ப்பக்கத்தினது கால் மில்லிசெகண்ட் கழித்தும் வந்து சேர்கிறது. அதனால் 2 கிலோஹெர்ட்ஸ் சுற்றி ஒரு பள்ளம் விழும். குரலின் தெளிவு இருக்கும் இடமே அதுதான். நடுவிலிருந்து தள்ளி உட்கார்ந்து, ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 34 சென்டிமீட்டர் அதிகத் தூரத்தில் இருந்தால், ஒரு மில்லிசெகண்ட் வித்தியாசம். 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம்.

வெவ்வேறு அறைகளில் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை கிடையாது. ஒரே அறையில் இரண்டையும் ஓடவிடத்தான் வேண்டும் என்றால் முதலில் பாலாரிட்டி (ப்ளஸ், மைனஸ் சரியா என்று) பாருங்கள். 1.5 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பில் ஒரு கணம் தொடுங்கள். வூஃபர் கோன் வெளியே வர வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் மோனோவில் பேஸ் சுத்தமாக வறண்டுவிடும். க்ராஸோவரில் (பேஸையும் ட்ரெபிளையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்டில்) கெபாசிட்டர் இருப்பதால் ட்வீட்டரை இப்படிப் பார்க்க முடியாது.

என் ப்ளூடூத் பாக்ஸ் மோனோதானா, இல்லை ஒரு பக்கத்தை மட்டும் பாடுகிறதா?

விலை குறைந்த சில பாக்ஸ்களில் இடது சேனலை மட்டும் ஆம்பில் கோர்த்துவிட்டு வலதை அப்படியே விட்டிருப்பார்கள். போனின் ஆக்சஸிபிலிட்டி பக்கத்தில் இருக்கும் பேலன்ஸ் கோட்டை முழுக்க வலதுக்குத் தள்ளுங்கள். பாக்ஸ் மௌனமானால் அது இடதை மட்டும்தான் வாசிக்கிறது. போனில் மோனோவைப் போட்டுவிட்டு, பேலன்ஸை மறக்காமல் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

கொடைக்கானல் எஃப்எம் இரைச்சலாக வருகிறது. மோனோ உதவுமா?

நிறையவே. 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் கொடைக்கானல் நிலையம் ராமநாதபுரத்திலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல், ராமேசுவரத்திலிருந்து 200-ஐத் தாண்டும். எஃப்எம்மில் இடதும் வலதும் கூட்டிய சிக்னல் அடியில் போகிறது. வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறிப் போகிறது. தூரத்தில் முதலில் இரைச்சலாவது அந்த மேல்பகுதிதான். மோனோ பட்டனை அழுத்தினால் ரேடியோ அதைக் கண்டுகொள்ளாது, இரைச்சல் 20 டெசிபலுக்கு மேல் குறையலாம். இலங்கை நிலையங்கள் அதே அலைவரிசைக்குப் பக்கத்தில் வந்து மோதும் இரவுகளில் மோனோ மட்டும் போதாது. ஆன்டெனாவைக் கொடைக்கானல் இருக்கும் வடமேற்குத் திசைக்குத் திருப்பிக் கட்ட வேண்டும்.

பழைய கேசட்டை மோனோவில் போட்டால் ட்ரெபிள் செத்துப்போகிறது. ஏன்?

நாடாவைப் படிக்கும் ஹெட் சாய்ந்திருக்கிறது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. அப்படியானால் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் 4.76 மைக்ரான் நீளம்தான். இடது தடமும் வலது தடமும் ஒன்றுக்கொன்று 2.4 மைக்ரான் முன்பின்னாகப் படிக்கப்பட்டாலே கூட்டும்போது அந்த ஒலி முழுதும் அழியும். அதற்கு ஹெட் 0.15 டிகிரி சாய்ந்தால் போதும். ஸ்டீரியோவில் இது அவ்வளவாகத் தெரியாது, மோனோ காட்டிக்கொடுத்துவிடும்.

இதையே சரிசெய்யும் கருவியாகவும் பயன்படுத்தலாம். ஹெட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூ இருக்கும். அடியில் சின்ன ஸ்ப்ரிங் உள்ளதுதான் திருப்ப வேண்டியது, மற்றதைத் தொடாதீர்கள். பல டெக்குகளில் ப்ளே அழுத்தியதும் கேசட் கதவுக்குக் கீழே ஒரு ஓட்டை வழியாக அந்த ஸ்க்ரூ தெரியும். காந்தம் ஏறாத சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். கம்பெனி கேசட் ஒன்றைப் போட்டு, மோனோவில் வைத்து, ஜால்ரா அல்லது ஹை-ஹேட் நன்றாகக் கேட்கும் இடத்தில் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். சத்தம் 'இஸ்ஸ்' என்று கூர்மையாகும் ஓர் இடம் வரும், தாண்டினால் மறுபடி மங்கும். கூர்மையான இடத்தில் நிறுத்தி ஒரு சொட்டு நகப் பாலிஷ் வைத்துவிடுங்கள். கடையில் காசு கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டை வைத்து இதைச் செய்யாதீர்கள். பதிந்த மிஷினின் சாய்வு உங்கள் ஹெட்டில் ஏறிவிடும்.

ரெக்கார்டு?

மோனோ எல்பி, 45 ஈபி எல்லாவற்றையும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசி மாட்டிய பகுதியில்) ஓட்டும்போது கட்டாயம் மோனோவுக்கு மாற்றுங்கள். மோனோ பாட்டு பள்ளத்தின் பக்கவாட்டில் மட்டும் வெட்டியிருக்கும். மேலும் கீழுமாக வரும் அசைவு எல்லாம் தூசியும் டர்ன்டேபிள் உறுமலும்தான், கூட்டும்போது அவை கழிந்துவிடும். கூட்டும் வேலையை ஃபோனோ ப்ரீஆம்புக்கு (ரெக்கார்டு ஊசியின் சிக்னலை ஏற்றித் தரும் சின்ன ஆம்புக்கு) பிறகு அதே ரெசிஸ்டர் ஒயரில் செய்யுங்கள். 78 சுற்று இசைத்தட்டுக்கு ஊசியே வேறு, சுமார் 75 மைக்ரான். எல்பி ஊசி அதன் பள்ளத்தின் அடியில் போய் உரசும், மோனோ போட்டாலும் அந்த இரைச்சல் தீராது. பழைய மோனோ கார்ட்ரிட்ஜில் ஸ்டீரியோ ரெக்கார்டை ஓட்ட வேண்டாம், பள்ளம் தேயும்.

பென் டிரைவில் எல்லாப் பாட்டையும் மோனோவாக மாற்றி ஏற்றிவிடலாமா?

வேண்டாம். மோனோ ஆக்கியதைத் திரும்ப ஸ்டீரியோ ஆக்க முடியாது. ஒரிஜினலைத் தனியாக வைத்துவிட்டு நகல் எடுங்கள். மாற்றும் மென்பொருள் கூட்டிப் பாதியாக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பாதியாக்காமல் கூட்டினால் உச்சத்தில் ஒலி உடையும்.

மோனோ சுவிட்சைத் தொட்டாலே கரகர என்கிறது. மாற்ற வேண்டுமா?

முதலில் சுத்தம் செய்யுங்கள். கரையோர வீட்டில் வருஷம் முழுக்க உப்பு ஈரம் சுவிட்ச், வால்யூம் பாட், ஆர்சிஏ சாக்கெட் மூன்றிலும் படியும். ஆம்பை ஆஃப் செய்து ப்ளக்கைப் பிடுங்கி, கான்டாக்ட் க்ளீனரை உள்ளே ஒரு முறை அடித்து, சுவிட்சை இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். சாக்கெட்டுக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு. காய ஒரு மணி நேரம் விடுங்கள். தேங்காய் எண்ணெயும் பெட்ரோலும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், பெட்ரோல் பிளாஸ்டிக்கைத் தின்னும். மாதம் ஒரு தடவை எல்லாப் பின்னையும் பிடுங்கிச் சொருகினாலே களிம்பு பாதி உரிந்துவிடும். இரண்டு தடவை சுத்தம் செய்தும் கரகரத்தால் சுவிட்ச் உள்ளே அரித்துப்போயிற்று, மாற்றிவிடுங்கள்.